சங்கிலித் தலை

ஜன்னலச் சித்த சாத்திக்கலாமுங்களா? காத்து வேணும்னு எனக்குந் தெரியுதுங்க. பொறவு தொறந்துக்கலாம். முன்னால பாருங்க, ரோட்டோரத்துல ஒருத்தன் மிஷினத் தோள்ல மாட்டிட்டுப் புல்லு வெட்டிட்டு நிக்கறானில்லீங்க, அவனத் தாண்டிட்டாப் பயமில்ல. பயம்னு இல்ல. தூசி. தூசி வருமில்லீங்க.

ம். தாண்டியாச்சு. தொறந்துக்கங்க.

அவன் போட்டிருந்தது நரம்புத் தலை. சத்தத்துலயே எனக்குத் தெரியும். தலைன்னா என்னன்னு கேக்கறீங்களா? அந்த மிஷின்ல நீளமா ஒரு பைப்பு இருக்குதே, அதோட அடி முனையில வட்டமா ஒண்ணு சுத்துமில்லீங்க, அதைத்தான் நாங்க தலைன்னு சொல்லுவோம். புல்ல வெட்டறது அதுதான். மிச்சமெல்லாம் சுமைதான். கோயமுத்தூர் கணபதியில எங்க பட்டறை. பதினெட்டு வருசமா அந்தத் தலையச் செய்யறதுதான் சோலி. ஆறுச்சாமி பட்டறைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. நான்தான் ஆறுச்சாமி.

தாராபுரம் கோர்ட்டுல இருந்து வர்றேனுங்க. இன்னிக்குத் தீர்ப்பு. மூணு வருசம் இழுத்த கேஸு. எனக்கு ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டாங்க. விடுதலை. சந்தோசப்பட வேண்டியதுதானுங்க. ஆனாப் பாருங்க, கூடப் பொறந்தவன், ஒரே தம்பி, திருமூர்த்தின்னு பேரு, மூஞ்சி குடுத்து ஒரு வார்த்தை பேசல. பத்தடி தூரத்துல நிக்கறேன். ஒரு வார்த்தை. அதுதானுங்க எனக்கு ஆற மாட்டேங்குது. நான் அவனுக்கு என்ன பண்ணினேன்? நீங்க மூணாவது மனுசர். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்கம்மா போறப்ப அவனுக்கு ஒம்போது வயசு. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். எங்க ஊட்டுக்காரி ருக்குமணிதான் அவனுக்குச் சோறு போட்டு, தல சீவி விட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிச்சா. ஐ.டி.ஐ.யில படம் வரையற படிப்புப் படிக்க வெச்சது நான். கோடு போட்டான்னா அச்சுல ஊத்துன மாதிரி இருக்கும். கல்யாணம் பண்ணிக்கல. எங்க ஊட்டு மாடியிலதான் இருந்தான். காலையில நான் லேத்தத் தொடைக்கறப்ப அவன் வந்து படத்தை விரிப்பான். அப்படித்தான் இருந்தோம். சண்டைன்னு ஒண்ணு கெடையாது.

சண்டை வந்தது இந்தத் தலையாலதான்.

நரம்புத் தலைன்னா என்னன்னு சொல்றேன். ஒரு டப்பா. அதுக்குள்ள நைலான் நரம்பச் சுத்தி வெச்சிருக்கும். ரெண்டு பக்கம் ஓட்டை, ஓட்டை வழியா நரம்பு வெளிய நீட்டிட்டு இருக்கும். சுத்தற வேகத்துல அந்த நரம்பே கத்தி மாதிரி வெட்டும். தேய்ஞ்சு போச்சுன்னா தலையத் தரையில ஒரு தட்டுத் தட்டுனா உள்ள இருக்கற ஸ்பிரிங்கு அமுங்கி இன்னும் கொஞ்சம் நரம்ப வுடும். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா கல்லுல பட்டா அறுந்துக்கும். வெயில்ல சூடாகி உள்ளயே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஓட்டை வாயில தேய்ஞ்சு தேய்ஞ்சு பிஞ்சுக்கும். வேலைக்காரன் பத்து நிமிசத்துக்கொருக்கா எஞ்சின நிறுத்திட்டு, குத்த வெச்சு உக்காந்து, டப்பாவத் தொறந்து நரம்ப நோண்டிட்டு இருப்பான். அத்தனை பேரும் எங்கிட்டத்தான் வந்து திட்டுவாங்க.

தம்பி அதையே ஆறு வருசம் நோண்டுனான். ஓட்டை வாய்க்குப் பித்தளையில ஒரு வளையம் போட்டான், நரம்போட சேந்து அதுவும் சுத்தற மாதிரி. உள்ள நடுவால ஒரு தடுப்பு வெச்சு நரம்ப ரெண்டு பாகமாச் சுத்துனான், ஒண்ணோட ஒண்ணு உரசாம. எல்லாம் நல்லாத்தான் செஞ்சான். நான் இல்லைங்கல. ஆனா வேலிக்காத்தான் கன்னு நிக்குது, உண்ணிச்செடி நிக்குது, அதைப் போயி நைலான் வெட்டுமா? முட்டிட்டு நிக்கும்.

அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துது. நரம்பே வேண்டாம். வண்டிச் சங்கிலி இருக்குதில்லீங்க, மோட்டார் பைக்குல ஓடுமே, அதை நாலு நாலு கண்ணியா வெட்டி, அலுமினியத்துல ஒரு தட்டு ஊத்தி, மூணு பக்கம் பின்னு அடிச்சுத் தொங்க வுட்டேன். நிக்கறப்பத் தொங்கும். சுத்துனா வெறைச்சுக்கும். கல்லுல பட்டா மடங்கித் திரும்பி வரும். அறுந்து போற வேலையே இல்ல, ஒட்டிக்கற வேலையும் இல்ல. மொதல் நாள் பட்டறைக்குப் பின்னால காலி எடத்துல இருந்த வேலிக்காத்தான்ல வெச்சுப் பாத்தேன். வெரல் கனத்துக் குச்சியெல்லாம் வாழைத்தண்டு மாதிரிப் போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஆயுசு பூராவும் மத்தவன் செஞ்சதப் பாத்துப் பாத்துச் செஞ்சுட்டு இருந்தவனுங்க நான். இது என்னுது. என் மண்டையில உதிச்சது. தட்டு மேலயே 'ஆறு'ன்னு எழுத்து வர்ற மாதிரி அச்சுல வெட்டச் சொன்னேன்.

தம்பி பாத்தான். கையில எடுத்து ஒரு கண்ணிய ஆட்டி ஆட்டிப் பாத்தான். காலண்டர் தாளக் கிழிச்சுப் பின்னால கணக்குப் போட்டான். "நிமிசத்துக்கு ஏழாயிரம் சுத்து சுத்துதுங்ணா. இதுல ஒரு கண்ணி கழண்டுச்சுன்னா மணிக்கு நானூறு கிலோமீட்டர் வேகத்துல போகும்"னான்.

"எதுக்குக் கழளுது? பின்னு அடிச்சிருக்கறது நானு"ன்னேன்.

"நரம்பு பிஞ்சா நரம்பு போகுதுங்ணா. இது பிஞ்சா ஒரு ஆளு போகும்."

எப்படிப் பேசறான் பாருங்க. நல்ல காரியம் தொடங்கறப்பப் பேசற பேச்சா அது? எனக்குச் சுருக்குனு இருந்துது. ஆறு வருசமா உன்னால ஆகல, அண்ணன் ஆறு நாள்ல முடிச்சுட்டான்னு உனக்குப் பொறுக்கலைன்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். அவன் போயிக் கம்பி வலையில ஒரு கூண்டு செஞ்சான். அதுக்குள்ள இந்தத் தலைய மாட்டி ஓட வுட்டு, நூறு மணி நேரம் நின்னா வெளிய குடுக்கலாம், அதுக்கு முன்னால வேண்டாம்னான். சரின்னேன். நூறு மணி நேரம்னா நூறு மணி நேரம். நான் எதுலயும் குறை வெக்கற ஆளில்லீங்க. படமும் அவனையே போடச் சொன்னேன். ரோசனை என்னுது, கோடு அவனுது.

இங்க பாருங்க, நிழற்குடை ஒண்ணு வரும். எடது பக்கம். நீலப் பெயிண்டு அடிச்சது.

இதுதானுங்க. ... போயிருச்சு. பஸ்ஸு நிக்கல. நல்லது.

இங்கதான் அந்தம்மா உக்காந்திருந்துது. பொன்னாத்தாள்னு பேரு. ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறது. அம்பத்திரண்டு வயசு. ஐப்பசி மழைக்கு ரோட்டோரமெல்லாம் இடுப்பளவு மொளைச்சுக் கெடந்துது. காண்ட்ராக்டு எடுத்தவரு எங்கிட்ட நாப்பது தலை கேட்டாரு, எல்லாம் சங்கிலித் தலை. மாதையன்னு ஒரு ஆளு, தர்மபுரிப் பக்கம், அவந்தான் மிஷின் ஓட்டுனவன். காலையில பத்து மணி இருக்கும். அக்கட்டால அவன் வெட்டிட்டு வர்றான், இக்கட்டால அந்தம்மா பஸ்ஸுக்கு உக்காந்திருக்குது. டக்குனு ஒரு சத்தம் கேட்டுதாம். மிஷின் ஒரு பக்கமா உதற ஆரம்பிச்சுதாம். அவன் நிறுத்திட்டு மிஷின் தலையத் திருப்பிப் பாத்திருக்கறான், ஒரு கை காலி. மூணு சங்கிலியில ஒண்ணு இல்ல. கீழ விழுந்திருக்கும்னு புல்லுல தேடியிருக்கறான்.

அந்தம்மா உக்காந்த மேனிக்கே இருந்துது. பஸ்ஸு வந்து நின்னு, கண்டக்டரு "ஏறும்மா, ஏறும்மா"ன்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டிருக்கறாரு. தூங்குதுன்னு நெனைச்சுட்டாங்க. காதுக்குக் கீழ ஒரு ஓட்டைங்க. கொட்டப்பாக்கு அளவுக்கு. அவ்வளவுதான்.

நான் என்ன பண்றது, சொல்லுங்க. ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒட்டியிருக்குது: வெட்டும்போது அம்பதடிக்குள்ள யாரும் நிக்கக் கூடாதுன்னு. இங்கிலீசுலயும் இருக்குது, தமிழ்லயும் இருக்குது. போலீசு வந்து கேட்டப்ப அதைத்தான் காட்டுனேன். பாருங்க சார், அம்பதடி. நான் எழுதித்தான் குடுத்திருக்கேன்.

எட்டாம் நாளு எங்களை எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நானும் தம்பியும். இன்ஸ்பெக்டரு, ரெண்டு போலீசு. அந்தம்மா பொண்ணு வந்திருந்துது. கோகிலவாணி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில தைக்கற பொண்ணு. அழுவும், ஏசும்னு நெனைச்சு நான் தயாராத்தான் போனேன். அது கைப்பையில இருந்து தையல் டேப்ப எடுத்துது. அஞ்சடி டேப்பு, மஞ்சக் கலர். மாதையன் நின்ன எடம் எதுன்னு கேட்டுது. அங்க ஒரு கல்ல வெச்சுது. அங்கிருந்து நிழற்குடைக்கு அளக்க ஆரம்பிச்சுது. தார் ரோட்டு ஓரத்துல மண்டி போட்டு, டேப்ப நீட்டறது, முனையில கல்லு வெக்கறது, எந்திரிச்சு அடுத்த எடம். லாரி போற காத்துக்கு டேப்பு பறக்குது. போலீசே பாத்துட்டு நிக்குது. அப்ப என் தம்பி என்ன பண்ணினான் தெரியுங்களா? போயி டேப்போட இன்னொரு முனையப் புடிச்சுக்கிட்டான். எதிர்க்கட்சிக்காரிக்கு. அவன் அந்த முனை, அது இந்த முனை. ரெண்டு பேரும் முட்டி போட்டுக்கிட்டே வந்தாங்க. இருபத்தாறு வாட்டி.

நூத்திமுப்பது அடி.

அந்தப் பொண்ணு எந்திரிச்சுச் சேலையில ஒட்டுன மண்ணத் தட்டிட்டு என்னைப் பாத்துக் கேட்டுது: "உங்க சீட்டுல அம்பதுன்னு போட்டிருக்கீங்க. எங்கம்மா இன்னும் எவ்வளவு தூரம் தள்ளி உக்காந்திருக்கணும்?"

நூத்தம்பதுன்னு போட்டிருக்கலாம்னு அப்பத்தான் தோணுச்சு. அம்பதுன்னு எப்படிப் போட்டேன்னா, வெளிநாட்டு மிஷின் ஒண்ணோட பெட்டியில அப்படித்தான் போட்டிருந்துது. அது நரம்புத் தலைக்குப் போட்டது. நான் அதைப் பாத்து எழுதிட்டேன்.

தம்பி நேராப் பட்டறைக்கு வந்தான், சங்கிலித் தலைக்குச் செஞ்ச அச்ச எடுத்துச் சம்மட்டியால அடிச்சு ஒடைச்சான். காண்ட்ராக்டருகிட்டப் போயி மிச்சம் முப்பத்தொம்போது தலையையும் வாங்கிட்டு வந்து உருக்கக் குடுத்தான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என் பேரு போட்ட தலைங்க அது. என்னைக் கேக்க வேண்டாமுங்களா?

அப்பறம் கேஸுல அந்த டெஸ்டுச் சீட்டு வந்துது, தலை வெளிய போறதுக்கு முன்னால எழுதுனது. அது ஒரு சின்ன விசயம், ஆனா அதுதான் பெருசாப் போச்சு. காண்ட்ராக்டருக்கு மேல இருக்கற ஆபீசுல, தலையச் சோதிச்சுப் பாத்ததுக்குச் சீட்டு வேணும்னு கேட்டிருந்தாங்க. எத்தனை மணி நேரம் ஓட்டுனீங்க, யாரு பாத்தாங்க, கையெழுத்து. நாங்க கூண்டுல ஓட்டிட்டுத்தான் இருந்தோம். பத்தொம்போது மணி நேரம் ஆயிருந்துது. பத்தொம்போது மணி நேரமும் ஜம்முனு ஓடுச்சுங்க, ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. பத்தொம்போது ஓடுனது இருபதுல நிக்கப் போகுதா? நூறுன்னு எழுதிட்டேன். மழை வந்து புல்லு மொளைச்சு நிக்குது, அவரு அவசரப்படறாரு, நூறு முடியற வரைக்கும் யாரு காத்திருப்பாங்க?

சீட்டு எழுதுன அன்னிக்கு எம்பேத்திக்குக் காதுகுத்து. சொந்தபந்தமெல்லாம் பந்தியில உக்காந்திருக்குது. தம்பி எல பாத்துப் பாத்துப் பரிமாறிட்டு இருக்கறான். காண்ட்ராக்டரும் பந்தியில உக்காந்திருக்கறாரு. நான் சீட்டை எடுத்துட்டுப் போயி, "ஒரு கையெழுத்துப் போடு கண்ணு"ன்னேன். அவன் சாம்பார் வாளியக் கீழ வெச்சுட்டு, கையத் தொடைச்சுட்டுப் படிச்சான். படிச்சுட்டுத்தானுங்க போட்டான், படிக்காம ஒண்ணும் போடல. "நூறு ஆச்சுங்களாண்ணா?"னான். "ஆயிரும், போடு"ன்னேன். என்னையப் பாத்தான். சுத்தியும் அத்தனை பேரு. போட்டுட்டான்.

நான் கையப் புடிச்சுப் போட வெக்கல. அதை நீங்க மனசுல வெச்சுக்கணும்.

கேஸுல நாங்க ரெண்டு பேருமே குத்தஞ் சாட்டப்பட்டவங்க. ஒரே வக்கீலு. அவரு காயிதமெல்லாம் பாத்துட்டு ஒரு நாள் எங்களை உக்கார வெச்சுச் சொன்னாரு: "படத்துல கையெழுத்து உங்க தம்பிது. டெஸ்டுச் சீட்டுலயும் தம்பிது. உங்க பேரு ஒரு காயிதத்துலயும் இல்ல. ரெண்டு பேரும் உள்ள போறதுக்குப் பதிலா ஒருத்தராவது வெளிய இருந்தாப் பட்டறை நடக்கும். ரோசனை பண்ணுங்க."

தம்பி என்னையப் பாத்தான். பாத்துட்டே இருந்தான். நான் அந்த ரூம்புல காத்தாடி எதுக்கு இப்படி ஆடுதுன்னு மேல பாத்துட்டு இருந்தேன். ஒரு எறக்கை கோணலா இருந்துதுங்க. கொஞ்ச நேரங்கழிச்சு அவனே, "சரிங்க வக்கீலய்யா"ன்னான்.

நான் சொல்லச் சொல்லல. ஆகட்டும்னு கூடச் சொல்லல. அவனாத்தான் சொன்னான். அன்னியில இருந்துதான் எங்கூடப் பேச்ச நிறுத்துனான். ரெண்டு வருசமாச்சு. பட்டறையில ஒரே மேசையில சோறு திங்கறோம். ஏதாச்சும் வேணும்னா ருக்குமணிகிட்டச் சொல்லுவான். "அண்ணி, அண்ணனுக்கு அந்த எட்டு எம்.எம். டிரில்லு வேணுமான்னு கேளுங்க"ம்பான். நான் அங்கயேதான் உக்காந்திருப்பேன்.

ருக்குமணிக்கும் என்னமோ ஆயிருச்சு. வாய்தாவுக்கு வாய்தா அவளும் கூட வருவா. இன்னிக்குக் காலையில நான் சட்டை போட்டுட்டு இருந்தேன், வந்து வாசப்படி நெலவுகிட்ட நின்னா. "ஏனுங்க, இன்னிக்காவது சொல்லிருங்க"ன்னா. "என்னத்தச் சொல்றது?"ன்னேன். "என்னன்னு உங்களுக்குத் தெரியும்"னா. இத்தனை வருசத்துல அவ எனக்கு எதிர்ப் பேச்சுப் பேசுனதே கெடையாதுங்க.

தெரியுந்தான். ஒரு போன் வந்துது. அதைச் சொல்றா.

உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க எந்த ஊரோ நான் எந்த ஊரோ. அந்தம்மா போறதுக்கு மொத நாள் பட்டறைக்குப் போன் வந்துது. காண்ட்ராக்டரோட மேஸ்திரி. "மாதையன் மிஷின்ல ஒரு சங்கிலி லொட லொடங்குதாம், பின்னு ஆடற மாதிரி இருக்குதாம், ஓட்டலாமா?"ன்னு கேட்டான். "புதுசுல அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாயிரும்"னேன். ருக்குமணி அப்பத்தான் டீ கொண்டாந்து வெச்சுட்டு இருந்தா. அவ காதுல வுழுந்துருச்சு. தம்பி லேத்துல இருந்துட்டு, "யாருங்ணா?"ன்னான். "ஒண்ணுமில்ல, தலை நல்லா வெட்டுதாம்"னேன்.

எத்தனை போனு வருது ஒரு நாளைக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஓடிப் போயிப் பாக்க முடியுமுங்களா?

மாதையன் அதைக் கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல ஏறிச் சொல்லிப்புட்டான். போன மாசம். ஆடுது ஆடுதுன்னு சொன்னோம், ஓட்டலாம்னு பட்டறையில சொன்னாங்கன்னு. "அன்னிக்குச் சாயங்காலமே கை வெச்சு அமுக்கிப் பாத்தேன், பின்னு தலை பாதி தேய்ஞ்சிருந்துது, எனக்குப் புள்ளை குட்டி இருக்குது, இருந்தாலும் ஓட்டச் சொன்னா ஓட்டித்தான ஆகணும்"னு அழுதான். போன்ல பேசுனது யாருன்னு வக்கீலு கேட்டாரு. மேஸ்திரிக்குத்தான் தெரியும்னான். மேஸ்திரி, கொரல் அடையாளம் தெரியலைன்னான். பட்டறை நெம்பருதான், அதுல ரெண்டு பேரும் பேசுவோம்.

மாஜிஸ்திரேட்டு ஒரு அம்மா. நெத்தியச் சுருக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் பாத்தாங்க. "யாரு போன எடுத்தது?"ன்னாங்க.

சொல்லக்கூடாதுன்னு இல்லீங்க. சொல்லத்தான் வாயத் தொறக்கறேன். அதுக்குள்ள பக்கத்துல நின்ன தம்பி, "நான்தானுங்க எடுத்தேன்"னுட்டான்.

எதுக்குங்க அப்படிச் சொன்னான்? கையெழுத்துப் போட்டது அவன், சரி. அது காயிதத்துல இருக்குது. போன எடுத்தது நானு. அதையும் ஏன் எடுத்துப் போட்டுக்கணும்? இன்னும் ஒரு நிமிசம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன். என்னையச் சொல்ல வுடாமப் பண்ணிட்டான். இனி ஊர்ல யாராவது கேட்டா நான் என்ன ஆவேன்? "உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்குதா?"ன்னு மாஜிஸ்திரேட்டம்மா என்னையத் தனியாவும் கேட்டாங்க. அவன் ஒண்ணு சொல்லிட்ட பொறவு நான் மாத்திச் சொன்னா, தம்பிய நானே பொய்க்காரன் ஆக்குன மாதிரி ஆயிருமில்லீங்க. "ஒண்ணுமில்லீங்க"ன்னேன்.

இன்னிக்குப் பதினொண்ணரைக்குப் படிச்சாங்க. அவனுக்கு ஒரு வருசம். எனக்கு விடுதலை.

வக்கீலு ஓடி வந்து, மேல் கோர்ட்டுக்குப் போறோம்னு ஒரு மனுக் குடுத்தா இப்பவே ஜாமீன் கெடைக்கும், ஊட்டுக்குப் போயிரலாம்னாரு. அவன் வேண்டாம்னுட்டான். வராண்டாவுல பெஞ்சுல உக்கார வெச்சிருந்தாங்க, ரெண்டு பக்கம் போலீசு. ருக்குமணி ஒரு துணிப்பையில அவனுக்கு வேட்டி, சட்டை, சோப்பு எல்லாம் வெச்சுக் கொண்டாந்திருந்தா. எப்பக் கட்டுனாளோ, எனக்கே தெரியாது. தீர்ப்பு இப்படித்தான் வரும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. பையக் குடுத்துட்டு அவன் தலையத் தடவுனா. நாப்பத்தாறு வயசு ஆம்பளைங்க அவன். "அண்ணி, சாப்டீங்களா?"ன்னு கேட்டான்.

அந்தப் பொண்ணு கோகிலவாணியும் வந்துது. அவன் எந்திரிச்சு நின்னு கும்பிட்டான். அது அவனைக் கொஞ்ச நேரம் பாத்துது. அப்பறம் அங்கிருந்தே தலையத் திருப்பி என்னையப் பாத்துது. "நீங்க மட்டுந்தானா?"ன்னு அவங்கிட்டக் கேட்டுது. "ஆமாம்மா"ன்னான். பேருக்குக் கூட ஒரு வசவு வையல. முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுப் படியெறங்கிப் போயிருச்சு.

நான் போனேன். பத்தடியில நின்னேன். "திரு"ன்னு கூப்பிட்டேன். சின்னதுல அப்படித்தான் கூப்பிடுவேன். நிமிந்து பாத்தான். கோவமா பாத்திருந்தாலும் பரவாயில்லீங்க. ஆளத் தெரியாதவன் பாக்கற மாதிரிப் பாத்தான். பஸ் ஸ்டாண்டுல எதுத்தாப்புல நிக்கற ஆளப் பாப்பமில்லீங்க, அது மாதிரி. அப்பறம் போலீசுகிட்டத் திரும்பி, "போலாமுங்களா?"ன்னான்.

அவ்வளவுதான். அம்மா செத்த நாள்ல இருந்து தோள்ல தூக்கி வளத்தவன் நானு. அவன எஞ்சினியரு மாதிரி ஆக்குனவன். ஒரு வார்த்தை. நீ நல்லா இருன்னு வேண்டாம், நாசமாப் போன்னாவது சொல்லியிருக்கலாமில்லீங்க. அதுவும் இல்லாமப் போனா நான் எதை வெச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போறது? மாடி ரூம்புல அவன் படமெல்லாம் சுருட்டி வெச்சது அப்படியே கெடக்குது. நாளைக்குப் பட்டறையத் தொறக்கணும். நரம்புத் தலைக்கு ஆர்டரு இருக்குது, அந்தப் பித்தளை வளையம் அவன் கைப்பட்டாத்தான் சரியா உக்காரும். எனக்கு அது வராது.

என்னங்க, பல்லடம் வந்துருச்சா? நீங்க இங்கதான் எறங்கறீங்களா? ஒண்ணுஞ் சொல்லாமயே எந்திரிச்சுட்டீங்களே. சரி, பரவாயில்லீங்க. நான்தான் பொலம்பிட்டே வந்துட்டேன்.

ஒரு ஒதவி பண்ணுங்க. முன்னால டிரைவரு சீட்டுக்குப் பின்னால கம்பியப் புடிச்சுட்டு ஒரு பொம்பளை நிக்குதுங்களே, பச்சைச் சேலை, வெறுங்கையோட. தாராபுரத்துல இருந்து நின்னுட்டேதான் வருது. அதுதானுங்க ருக்குமணி. கால்ல வாதம் அவளுக்கு, இத்தனை நேரம் நிக்கக் கூடாது. ஏறுனப்பவே இந்த எடத்தைக் காட்டிக் கூப்பிட்டேன், திரும்பியே பாக்கல. நீங்க போற போக்குல, பின்னால ஒரு சீட்டுக் காலியாயிருச்சு, போயி உக்காரும்மான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க.